அசாம் மலை மதுவுக்குச் சென்னையில் பதிவு

புது தில்லி: வெளிர்மஞ்சள் நிறம், நாவில் இனிப்பு. அசாமின் திமா ஹசாவ் மலைகளில் திமாசா பழங்குடியினர் வடிக்கும் ஜுடிமாவைச் சாராயத்தோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இது காய்ச்சாமல் புளிக்கவைத்து எடுக்கும் அரிசி மது. ஒட்டரிசியை வேகவைத்து ஆற்றி, 'தெம்ப்ரா' எனும் கொடியின் பட்டை சேர்த்துப் புளிக்கவிடுகின்றனர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பக்குவமாகும் இம்மது, ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. சடங்குகளிலும் இதற்கு இடமுண்டு.

சென்னை கிண்டியிலுள்ள பதிவகம் 2021-இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. வடகிழக்கின் பாரம்பரிய மதுக்களில் முதலாவது இதுவே. ஆயினும், குறியீடு பெயரைத்தான் காக்கும். விற்க உரிமம் தராது. அரசமைப்பின் 7-ஆவது அட்டவணைப்படி மது மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. எனவே பெயரின் பயன் வீட்டில் வடிக்கும் பெண்களுக்கா, ஆலை முதலாளிகளுக்கா என்பதைத் தீர்மானிக்கப்போவது அசாம் அரசின் கலால் விதிகளும் உரிமக் கட்டணமுமே.