எந்தப் பயம் உங்களுடையது?

கர்ப்பப்பை அறிவோம் – 17

கர்ப்பப்பையின் உட்சவ்வு ஏன் தடிக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஈஸ்ட்ரோஜென் தொடர்ந்து வேலை செய்ய, அதற்குக் கடிவாளம் போடும் புரொஜெஸ்ட்ரோன் போதாமல் போனால் சவ்வு வளர்ந்துகொண்டே இருக்கும். உடல் பருமன், பி.சி.ஓ.எஸ்., மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமாக்ஸிஃபென் மாத்திரை எனக் காரணங்கள் பல. “உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்மா” என்று டாக்டர் ஹிஸ்டரோஸ்கோப்பிக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறார். அந்தத் தேதி வரைக்கும் உள்ள நாள்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

பகலில் எல்லாம் வழக்கம்போல நடக்கும். சமையல் ஆகும், வேலைக்குப் போய் வருவோம். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் அதன் பிறகு தூக்கம் வராது. வீட்டில் சொன்னால், “சின்ன விஷயம்தானே, பயப்படாதே” என்பார்கள். அப்படிச் சொல்லி யாருடைய பயமும் போனதில்லை. புற்றுநோயாக இருக்குமோ, ரொம்ப வலிக்குமோ, எப்படிக் காலை விரித்துப் படுப்பது என்று மூன்று பயங்கள் அங்கே பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்கு உதவாது. உங்களை அதிகம் வாட்டுவது எது என்று பிரித்துப் பார்த்தால்தான், யாரிடம் என்ன கேட்பது என்பது தெரியும்.

புற்றுநோயாக இருக்குமோ?

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டு வரும் 100 பெண்களைப் பரிசோதித்தால், சுமார் 9 பேருக்கு உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பாலிப் எனும் சதை வளர்ச்சி, சாதாரணத் தடிப்பு, வயதால் சவ்வு மெலிந்து புண்ணாவது என்று வேறு காரணங்கள். ரத்தமே படாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தடிப்பு தெரியவந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஸ்கேன் எடுத்த நாளும் முக்கியம். தீட்டு வருவதற்கு முந்தைய நாள்களில் சவ்வு 16 மி.மீ. வரை இருப்பது இயல்பு. தீட்டு முடிந்தவுடன் எடுத்தால் அதே பெண்ணுக்கு மிகக் குறைவாகக் காட்டும். “எனக்கு எத்தனையாவது நாளில் ஸ்கேன் எடுத்தீங்க டாக்டர், அந்த நாளுக்கு இது அதிகமா?” என்று கேளுங்கள்.

சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில், சவ்வுத் தடிப்பைக் குறிக்கும் ‘ஹைப்பர்பிளேசியா’ என்று வந்தாலும் அது புற்றுநோய் அல்ல. செல்களில் மாறுபாடு இல்லாத ஹைப்பர்பிளேசியா, 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. மாத்திரையாலோ, ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி போன்ற சாதனத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த 9 பேரில் ஒருவராக இருந்துவிட்டால்? இந்தப் புற்றுநோய் ரத்தப்போக்கால் தன்னைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கர்ப்பப்பையைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

இந்தப் பயத்தில்தான், “எதுக்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துடலாம்” என்ற பேச்சும் வீட்டில் எழும். சதைப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் உத்தரவிட்டிருக்கிறது.

வலிக்குமோ?

என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். சுமார் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள குழாய் ஒன்றைப் பிறப்புறுப்பு வழியாக, கர்ப்பப்பை வாயைக் கடந்து உள்ளே செலுத்துவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. கர்ப்பப்பையின் உட்சுவர்கள், மடித்து வைத்த துணிப்பைபோல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சலைன் நீரை உள்ளே விட்டு அதை விரித்தால்தான் திரையில் எல்லா மூலையும் தெரியும். பார்க்க மட்டும் என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாலிப்பை எடுக்க வேண்டியிருந்தால் நேரம் கூடும்.

முன்பெல்லாம் கண்ணால் பார்க்காமல் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சிதான் பெரும்பாலும் செய்யப்பட்டது. அதில் சின்னப் பாலிப் தப்பிவிடும். பார்த்து எடுக்கும் முயற்சிக்கு வயது 150 ஆண்டுகளுக்கும் மேல். 1869இல் பாண்டலியோனி என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் பட்ட 60 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்துப் பாலிப்பைக் கண்டுபிடித்து, சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டார். நீங்கள் இன்று போவதும் அதே காரணத்துக்காகத்தான்.

வலியைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் செய்தால், பலருக்குத் தீட்டு வலிபோல அடிவயிற்றைப் பிசையும். சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும். சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கும், எப்போதுமே தீட்டு வலி அதிகமுள்ளவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம். இங்கிலாந்தில், முன்கூட்டிச் சொல்லாமல் விழித்திருக்கும்போதே செய்ததால் துடித்துப்போன பெண்கள் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். வலி இருக்கலாம் என்று முன்பே சொல்ல வேண்டும், மயக்க மருந்தோடு செய்துகொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி வலியுறுத்துகிறது. இங்குள்ள பெண்களுக்கும் இதே உரிமை உண்டு.

நம் ஊரில் குறுகிய நேர மயக்கம் கொடுத்துச் செய்யும் மருத்துவமனைகளும் பல. எனவே தேதி வாங்கும்போதே கேளுங்கள்: “மயக்கம் கொடுப்பீங்களா? இல்லைன்னா ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமா? தாங்க முடியலைன்னா நிறுத்துவீங்களா?”

காத்திருப்பு நீள நீளப் பதற்றமும் கூடுகிறது, பதற்றத்தோடு வலியும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முடிந்தால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். விழித்திருக்கும்போது செய்வதென்றால் பிடித்த பாட்டைக் கேட்க அனுமதி வாங்குங்கள். இத்தாலியில் இதைச் சோதித்துப் பார்த்ததில், பாட்டுக் கேட்ட பெண்களுக்குப் பதற்றமும் வலியும் குறைந்தன. குழாய் உள்ளே நுழையும் நேரத்தில் பல்லைக் கடிக்காமல், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இடுப்புத் தசை தளரும்.

வெட்கமாக இருக்குமே?

இதைப் பெரும்பாலான பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பச்சை கவுனை மாட்டிக்கொண்டு, கால்களைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். அறையில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்கலாம். பெண் நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். மாணவர்கள் பார்க்க வந்தால் வேண்டாம் என்று மறுக்கலாம். திருமணமாகாதவர்கள் அதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறப்புறுப்பை விரிக்கும் ஸ்பெகுலம் கருவி வைக்காமலே மெல்லிய குழாயைச் செலுத்தும் முறை உண்டு.

தியேட்டர் வாசலில் பலரை நிலைகுலைய வைப்பது தாலியும் மெட்டியும்தான். மின்சாரக் கருவி பயன்படுத்தும்போது உலோகம் சூடுபட்டுவிடக் கூடும் என்பதால் கழற்றச் சொல்கிறார்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அழுகையே வந்துவிடும். முந்தைய நாளே வீட்டில் தங்கச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். இறுகிய மெட்டியைச் சோப்பு நீரில் நனைத்து வீட்டிலேயே நிதானமாகக் கழற்றிவிடுங்கள்.

முன்பும் பின்பும்

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, கடைசியாகத் தீட்டு வந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மயக்கம் தருவதென்றால் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு கூடாது. தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடன் வருபவர் தைரியம் சொல்பவராக இருப்பதைவிட, டாக்டர் சொல்வதைக் கவனித்துக் குறித்துக்கொள்பவராக இருப்பது நல்லது.

முடிந்ததும், “உள்ளே என்ன பார்த்தீங்க?” என்று கேளுங்கள். பாலிப் போன்றவை அப்போதே தெரிந்துவிடும். சதைப் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். எந்தத் தேதியில், யாரிடம் வாங்குவது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். சில நாள் லேசான ரத்தமும் நீரும் கசிவது சகஜம். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, குறையாத வயிற்றுவலி, பேடு நனைந்துகொண்டே இருக்கும் அளவு ரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பண்டிகை முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு, பயத்தோடேயே போய் வாருங்கள்.

(அடுத்த வாரம்: சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது?)