கணினி வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? குடும்பங்கள் யோசிக்க வேண்டியவை

கல்லூரியில் சேரும் பிள்ளைக்குக் கணினி வேண்டும். கடையில் சொல்லும் விலையோ கையில் இருக்கும் தொகையைத் தாண்டுகிறது. மாதத் தவணையில் வாங்கலாம் என்றால் பெரும்பாலும் அதில் வட்டி சேர்ந்துவிடுகிறது. இந்த நிலையில், "கணினி வாங்கவே வேண்டாம், மாத வாடகை கட்டினால் போதும்" என்ற அழைப்பு வரும்போது மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. வாடகையில் வட்டி இல்லை என்பதும் நமக்கு ஆறுதலான செய்திதான். ஆனால் வாடகைக் கணினி சொந்தக் கணினியின் இடத்தை முழுமையாக நிரப்புமா?

கிளவுட் கணினி எப்படி இயங்குகிறது?

நம் வீட்டில் திரை, விசைப்பலகை, மவுஸ், ஒரு சிறிய பெட்டி ஆகியவை மட்டும் இருக்கும். உண்மையான கணினி தொலைவில் உள்ள தரவு மையத்தில் இயங்கும். நாம் ஒரு விசையைத் தட்டினால் அந்தச் செய்தி இணையம் வழியாக அங்கே போகும். வேலை முடிந்து, அதன் படம் மட்டும் நம் திரைக்குத் திரும்பி வரும்.

'கிளவுட்' என்று பெயர் இருந்தாலும் அது வானத்தில் இல்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரி சிப்காட் பூங்காவிலேயே 2022-ல் அதானிகனெக்ஸ் நிறுவனம் ஒரு தரவு மையத்தைத் திறந்தது. இத்தகைய கட்டடங்களில் உள்ள கணினிகளில் ஒரு பங்கைத்தான் நாம் வாடகைக்கு எடுக்கிறோம்.

மைக்ரோசாப்ட் 2021 ஆகஸ்டில் விண்டோஸ் 365 என்ற பெயரில் இத்தகைய சேவையை நிறுவனங்களுக்காகத் தொடங்கியது. இந்தியாவில் வீடுகளை நோக்கி வந்தது ஜியோ பிசி; 2025 ஜூலையில் அறிமுகமானது. ஜியோ ஃபைபர் அல்லது ஏர்ஃபைபர் இணைப்புடன் வரும் செட்-டாப் பெட்டி மூலம் தொலைக்காட்சியே கணினித் திரையாகிறது. 8 ஜிபி ரேம், 100 ஜிபி சேமிப்பிடம், லினக்ஸ் இயங்குதளம், லிப்ரே ஆபீஸ் மென்பொருள் ஆகியவை கிடைக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அறிமுகத்தின்போது ஜியோ பிசியின் மாதக் கட்டணம் 599 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 707 ரூபாய். ஆண்டுக்கு 8,482 ரூபாய். நான்காண்டுப் பட்டப்படிப்பு முடிவதற்குள் சுமார் 33,900 ரூபாய். இணைய இணைப்புக் கட்டணம் தனி. பல மாதங்களுக்கு மொத்தமாகக் கட்டினால் தொகை குறையும். என்றாலும், மாதந்தோறும் கட்டினால் ஓர் எளிய மடிக்கணினியின் விலையை நெருங்கிவிடுகிறோம். இறுதியில் கையில் பொருள் எதுவும் மிஞ்சாது. ஆறு மாதப் பயிற்சிக்கு மட்டும் தேவை என்றால் வாடகைதான் லாபம்.

மறுபுறம், வாங்கும் செலவும் ஏறிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்குவதால் 2025 இறுதியில் ரேம் விலை உயர்ந்தது. கடைகளில் பொதுமக்களுக்கு விற்கும் 'குரூஷியல்' நினைவக வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது.

கைப்பேசி டேட்டாவை நம்பி இதில் இறங்குவதும் சரிவராது. தெளிவான காட்சிக்கு நொடிக்கு 5 மெகாபிட் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்திற்கு 2.25 ஜிபி தீர்ந்துவிடும். தினம் 2 ஜிபி தரும் பேக் ஒரு மணி நேரத்துக்கே போதாது.

புயல் வரும் கடற்கரை

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய நாட்களில் பேட்டரி உள்ள மடிக்கணினியில் சில மணி நேரமாவது வேலை செய்யலாம், கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். கிளவுட் கணினிக்கு மின்சாரமும் வேண்டும், இணையமும் வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளிலோ, திட்டப்பணியைச் சமர்ப்பிக்கும் நாளிலோ இது பெரிய வேறுபாடு.

சாவி யார் கையில்?

வாடகை வீட்டில் உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் நாம் வெளியேற வேண்டும். கூகுளின் ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவை 2023 ஜனவரி 18-ல் மூடப்பட்டது. வாங்கிய விளையாட்டுகளுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, விளையாட்டுகள் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடைகளைக் காரணம் காட்டி, இந்தியாவின் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவையை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அந்நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது, பின்னர் சேவை மீண்டது. பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், வளைகுடாவிலிருந்து வாப்பா அனுப்பும் பணம் ஒரு மாதம் தாமதமாகும் வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் பாடக்குறிப்புகளும் குடும்ப ஆவணங்களும் வேறொருவர் பூட்டிய அறைக்குள் இருக்கும்.

என்ன செய்யலாம்?

1. வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டாலும், கட்டணமில்லாத லினக்ஸ் நிறுவினால் எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் உதவும்.

2. வாடகைக்கு எடுக்கும் முன் கேமரா, அச்சுப்பொறி ஆகியவற்றை இணைக்க முடியுமா என்று கேளுங்கள். ஜியோ பிசியில் அறிமுகத்தின்போது இந்த வசதி இல்லை. கேமரா முன் அமர்ந்து எழுதும் இணையவழித் தேர்வுக்கு இது அவசியம்.

3. இலவசச் சோதனைக் காலம் இருந்தால், எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில் பயன்படுத்திப் பாருங்கள். அப்போதுதான் உண்மையான வேகம் தெரியும்.

4. பாஸ்போர்ட், சான்றிதழ், நிகாஹ் பதிவு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகலைப் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ வீட்டிலேயே வைத்திருங்கள்.

வாடகைக் கணினி தேவையானபோது கைகொடுக்கும். அதிகத் திறன் வேண்டிய சில மாத வேலைக்கு அதைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இன்றைய நிலையில், எளியதாக இருந்தாலும் நமக்கென்று ஒரு கணினியும், நம் கோப்புகளின் ஒரு நகலும் வீட்டில் இருப்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.