லயத்து வாசலில் நாஸ்டர்டியம்

"வாசலே ஒரு முழந்தான், இதுல எங்க பூ வளர்க்கிறது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். ஒரு பால்மா டின் இருந்தால் போதும்.

நாஸ்டர்டியத்தின் சொந்த இடம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. அதனால் அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைக் குளிர் அதற்கு நன்றாகவே ஒத்துவரும். பதுளைப் பக்கம் வெயில் கூட. அங்கே மத்தியான நிழல் விழும் இடத்தில் வைப்போம். கொடி இனமும் உண்டு, குட்டை இனமும் உண்டு. டின்னுக்குக் குட்டை இனமே நல்லது. சுமார் ஒரு அடிதான் வளரும்.

டின்னின் அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், நுளம்பும் பெருகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின், விதையை ஒரு ராத்திரி ஊறப்போட்டு அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேர் தாங்காது. ஆகவே வளரப்போகும் டின்னிலேயே ஊன்ற வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். உரம் வேண்டாம்; உரம் கூடினால் இலைதான் மண்டும், பூ குறையும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் புதுப் பூ வரும்.

இதன் இலையும் பூவும் சாப்பிடக்கூடியவை. காரமாக இருக்கும், சம்பலில் சேர்க்கலாம். அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: மருந்து வந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் அதில் நடாதீர்கள். தேயிலைக்கு மருந்தடிக்கும் இடத்தருகே நிற்கும் செடியிலிருந்து பிள்ளைகள் பறித்துத் தின்னவும் விடாதீர்கள்.

முற்றி விழும் விதையைக் காயவைத்து, பக்கத்துக் காம்பராவுக்கும் நாலு கொடுப்போம். அடுத்த வருஷம் லயம் முழுக்கப் பூக்கட்டும்.