கப்பலோடு போன ஸ்பானர்கள்

1982 மே 25. ஃபாக்லாந்து போரின் நடுவே, அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணைகள் 'அட்லாண்டிக் கன்வேயர்' சரக்குக் கப்பலைத் தாக்கின. அதிலிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 3 சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்து நாசமாயின. வானில் இருந்ததால் 'பிராவோ நவம்பர்' என்ற சினூக் மட்டும் தப்பியது.

ஆனால் அதற்கான உதிரிபாகங்கள், கருவிகள், பராமரிப்புக் கையேடுகள் எல்லாம் கப்பலோடு போய்விட்டன. விமானிக்குப் பதக்கம் உண்டு. ஸ்பானர் அனுப்புகிறவரை யார் நினைக்கிறார்கள்? பிரிட்டனிலிருந்து சுமார் 13,000 கிலோமீட்டர் தொலைவில், கிடைத்ததை வைத்தே மெக்கானிக்குகள் அதைப் பறக்கவைத்தார்கள். ஒருமுறை ஒரே நடையில் 81 வீரர்களை அது சுமந்தது.

ஹெலிகாப்டர் பற்றாக்குறையால் பல பிரிட்டிஷ் வீரர்கள் மூட்டைகளோடு சகதியில் நடந்தே ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லியை நெருங்கினார்கள். ஒரு கப்பல் மூழ்கியதற்குக் காலாட்படை கொடுத்த விலை அது.

பிராவோ நவம்பர் 2022-இல்தான் ஓய்வுபெற்றது.