மேடேறும் ஜிப்ஸிக்கு எந்த ஹெடர்?

செங்கோட்டை, மேக்கரை, வடகரைப் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போய்வரும் பழைய மாருதி ஜிப்ஸிகளில் அடிக்கடி நோவு கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. எஞ்சினின் நான்கு வாய்களிலிருந்தும் புகையை வாங்கிக் கீழே சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுதான் அது. மேடேறிக் கொதித்துக் கிடக்கும்போதே ஓடைத் தண்ணீர் தெறித்து, குளிர்ந்து, மறுபடி கொதித்து, பல வருடம் கழித்து ஒருநாள் விரிசல் விடுகிறது. பட்டறையில் உடனே சொல்வார்கள்: "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஹெடர் போட்ருவோம், வண்டி பறக்கும்."

வார்ப்புக்குப் பதிலாக, வாய்க்கு ஒன்றாகத் தனித்தனிக் குழாய்களை வளைத்துச் சேர்த்த மேனிஃபோல்டுதான் ஹெடர். ஆனால் இந்த வண்டி பறக்க வேண்டியதில்லை. சேற்றுத் தடத்தில் தேங்காய் ஏற்றிக்கொண்டு, 1,500 முதல் 3,000 சுற்றுக்குள், மூச்சு முட்டாமல் ஏறினால் போதும். ஹெடர் தேர்வை இந்த ஒரு தேவையை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி வேறு தேவைக்காகச் செய்யப்பட்டது.

முதலில் எஞ்சின் எதுவென்று உறுதி செய்யுங்கள். 1985-ல் வந்த ஜிப்ஸியில் 970 சிசி எஞ்சின். 1996-ல் 'கிங்' என்ற பெயரோடு 1,298 சிசி, கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 2000-ல் அதே கொள்ளளவில் 16 வால்வும், கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ.யும் வந்து 80 குதிரைத்திறன் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வண்டி. புகை வாய்களின் அமைப்பு ஒன்றல்ல. "ஜிப்ஸி ஹெடர்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் எஞ்சினுக்கான புது கேஸ்கெட் ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டுபோய், ஹெடரின் ஃப்ளாஞ்சில் வைத்துப் பாருங்கள். துளைகள் சேர வேண்டும். குழாயின் வாய் கேஸ்கெட் வாயை எங்கும் மறைக்கக் கூடாது.

குண்டாறு அணைக்கு மேலே ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் போல உங்களுடையதும் டர்போ இல்லாத பழைய மகிந்திரா டீசல் என்றால், ஹெடருக்குச் செலவு செய்ய வேண்டாம். அந்த எஞ்சினின் வலுவைத் தீர்மானிப்பது டீசல் பம்ப் அனுப்பும் எண்ணெயின் அளவு. லீக் இல்லாத நல்ல மேனிஃபோல்டும் அடைப்பில்லாத சைலன்சரும் இருந்தால் அதற்குப் போதும்.

பெட்ரோல் வண்டியிலும், இருப்பது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் கேஸ்கெட்டோ விரிசலோ புகை விடுகிறது என்று அர்த்தம். இரும்பு விரிந்ததும் சந்து அடைபடுகிறது. ஃப்ளாஞ்ச் ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். கழற்றிய பிறகு நேர்விளிம்புக் கட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். வளைவு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் லேத்தில் முகம் சீவிக்கொள்ளலாம். பல வண்டிகளுக்கு இந்தச் சீவலும் புது கேஸ்கெட்டும் புது ஸ்டட்டுகளுமே வைத்தியம். குறுக்கே விரிசல் விட்டு, நல்ல பழைய மேனிஃபோல்டும் கிடைக்காவிட்டால்தான் ஹெடர்.

இனி குழாயின் விட்டம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அடுப்பூதும் குழல் ஒடுக்கமாக இருப்பதால்தான் காற்று வேகமாகப் போய்த் தணலைத் தொடுகிறது. புகைக்கும் அதே கதைதான். ஒரு சிலிண்டரின் புகை குழாயில் வேகமாக ஓடினால், அதன் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தம் மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் புதுக் கலவை நிறைகிறது. குழாய் பெரிதானால் வேகம் குறைந்து இந்த இழுப்பும் குறைகிறது. பட்டறையில் "பேக் பிரஷர் வேணும் சார், இல்லேன்னா இழுக்காது" என்பார்கள். இழுக்காமல் போவது உண்மைதான். ஆனால் எஞ்சினுக்கு எதிரழுத்தத்தால் எந்த நன்மையும் இல்லை. குறைந்தது புகையின் வேகம்.

எஞ்சின் கட்டுபவர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டார்க் உச்சத்தில் இருக்கும் சுற்றில், பிஸ்டன் தள்ளும் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால், குழாயில் வேகம் வினாடிக்குச் சுமார் 75 மீட்டர் இருக்க வேண்டும். 1,298 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 325 சிசி. வெளிவிட்டம் 38 மில்லிமீட்டர், கனம் 1.5 மில்லிமீட்டர் குழாய் என்றால் உள்விட்டம் 35. அதில் அந்த வேகம் வருவது சுமார் 6,600 சுற்றில். அந்தச் சுற்றில் நீங்கள் எந்தத் தோப்புக்கும் ஏறப் போவதில்லை. வெளிவிட்டம் 32 என்றால் உள்விட்டம் 29. அதே வேகம் 4,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸியின் தொழிற்சாலை டார்க் உச்சமும் 4,500-ல்தான். ஒன்றரை அங்குலக் குழாய் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். நம் மேட்டுக்கு வேண்டியது ஒன்றேகால் அங்குலம்.

அடுத்தது, நான்கு குழாயும் எப்படிச் சேர்கின்றன என்பது. நான்கும் ஒரே இடத்தில் கூடுவதை 4-1 என்றும், முதலில் இரண்டிரண்டாகக் கூடிப் பிறகு ஒன்றாவதை 4-2-1 என்றும் சொல்கிறார்கள். பந்தயச் சுற்றுகளில் 4-1 உச்ச வலுவைக் கூட்டும். கோவையில் ராலி வண்டிக்கு வேலை செய்யும் பட்டறைகளில் அது கிடைத்தால், அந்த வேலைக்கு அது நல்ல சரக்குதான். நமக்கு 4-2-1. ஜிப்ஸி எஞ்சின் 1-3-4-2 வரிசையில் வெடிக்கிறது. ஆகவே ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. அப்படிச் சேர்த்தால் ஒரே ஜோடியின் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் கிராங்க் ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கும். ஒன்றின் புகை மற்றதை முட்டாது. வளைக்கச் சுலபம் என்று ஒன்றையும் இரண்டையும், மூன்றையும் நான்கையும் சேர்த்து வைத்திருந்தால் வாங்காதீர்கள். நீளம் நாலிலும் துல்லியமாக ஒன்றாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தச் சுற்றுகளில் ஜோடி சரியாக இருப்பதே முக்கியம்.

உலோகத்துக்கு வருவோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஊர் இது. சாதா இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும். எவர்சில்வரில் 304 தரம் துருவைத் தாங்கும். ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அரை மீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சாதா இரும்பு சுமார் 3. அந்த நீளலுக்கு இடம் கொடுக்கும் பெல்லோஸ் இணைப்பும், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களும் இல்லையென்றால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விழும். தொழிற்சாலைச் சைலன்சர்களில் வரும் 409 தரம் மேலே லேசாகத் துருவேறினாலும் நிலைத்து நிற்கும், விரிவும் குறைவு. கிடைத்தால் என் தேர்வு அதுதான்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று: கைப்பிடிக் குழாய் விற்கும் கடைகளில் 202 தரத்தை 304 என்று கொடுத்துவிடுவது உண்டு. இரண்டிலும் காந்தம் ஒட்டாது, அதனால் காந்தத்தை நம்பிப் பயனில்லை. பழைய உலோக வியாபாரிகள் சின்ன பேட்டரியோடு வைத்திருக்கும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்துவிடும். குழாயின் கனம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஃப்ளாஞ்ச் 8 முதல் 10 வரை இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் தகடு சூட்டில் வளைந்து, நீங்கள் எதற்காக ஹெடர் போட்டீர்களோ அதே லீக்கைத் திருப்பிக் கொண்டுவரும். எவர்சில்வரைச் சாதா இரும்பு ஃப்ளாஞ்சோடு இணைப்பதாக இருந்தால் 309 கம்பி கொண்டு டிக் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

குழாயில் துணிப்பட்டை சுற்றும் வழக்கம் வந்திருக்கிறது. காய்ந்த ஊர்களுக்கு அது சரி. சாரலில் அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை உள்ளுக்குள் அரித்துவிடும். அதற்குப் பதில் தகட்டு மறைப்பு போதும். சாரல் இல்லாத பங்குனி, சித்திரையிலும் அந்த மறைப்பு வேண்டும். காய்ந்த புல்லின் மேல் சூடான குழாய் உரசினால் தீப்பிடிக்கும். மலையடிவாரத்தில் அந்தத் தீ எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஆக்சிஜன் சென்சர் இருந்தால், குழாய்கள் கூடும் இடத்துக்குப் பின்னால் அதற்கான திருகுவாய் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்காதபடி அது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். சென்சருக்கு முன்னால் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் தவறாக நினைத்து அதிகமாகக் கொட்டும். கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் சைலன்சரையும் கழற்றவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். யானை இறங்கும் தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டி சத்தமில்லாமல் போவதுதான் வண்டியில் இருப்பவர்களுக்கும் யானைக்கும் நல்லது.

பூட்டுவதற்கு முதல் நாள் இரவே பழைய நட்டுகளில் துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். உடைந்த ஸ்டட்டை ஹெட்டிலிருந்து எடுப்பது ஹெடர் பூட்டுவதை விடப் பெரிய வேலை. புது ஹெடரை வெறும் கையால் வைத்துப் பார்த்து, ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர், வயர், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் விரல் போகும் இடைவெளியாவது இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். வண்டியை நன்றாகச் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை முறுக்குங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் ஐந்தருவிச் சாலையில் ஒரு நல்ல ஓட்டம் விட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஜெட்டை ஒரு படி ஏற்ற வேண்டும். கறுப்பாக இருந்தால் இறக்க வேண்டும். வெளிர் பழுப்பு என்றால் விட்டுவிடலாம். தென்காசியும் குற்றாலமும் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குள்தான் இருப்பதால், ஊட்டிக்குப் போகும் வண்டியைப் போல உயரத்துக்கென்று கலவையை மாற்றும் வேலை இங்கே கிடையாது. ஜெட் சரியானதும் புகைச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்குங்கள். அந்தச் சீட்டிலுள்ள கார்பன் மோனாக்சைடு அளவு போன சீட்டை விடக் கூடியிருந்தால், ஜெட்டை மறுபடி பாருங்கள்.