பணியை ஒழுங்குற முடித்தல்

ஒரு வேலையைத் தொடங்கும் முறையைக் கற்பிப்போர் பலர்; இடையில் நிறுத்த நேர்ந்தால் அதனை ஒழுங்குற முடிக்கும் முறையைக் கற்பிப்போர் சிலரே. கணினிக்கும் இது பொருந்துமாற்றைச் சுருங்க விளக்குவாம்.

திரையில் உருவங்களை வரைதற்கெனக் கணினியில் தனிப்பொறி ஒன்றுண்டு. அதனை ஏவும் நிரல் 'டிரைவர்' எனப்படும். பல நிரல்களினின்றும் வரும் பணிகளை வரிசைப்படுத்திப் பொறிக்கு அளிப்பது 'ஷெட்யூலர்'. ஏ.எம்.டி. பொறிகளுக்கென எழுதப்பெற்ற ஷெட்யூலர், 2018-இல் வெளிவந்த லினக்ஸ் 4.16 முதல் ஏனைய டிரைவர்களுக்கும் பொதுவாயிற்று. பணி முடிந்ததும் 'ஃபென்ஸ்' என்னும் குறி எழும். காத்திருக்கும் நிரல்கள் அதுகண்டு மேற்செல்லும். பின்னர், டிரைவர் முன்னரே அளித்துள்ள சிறுநிரலொன்றை ஷெட்யூலர் அழைக்க, அது பணிக்குரிய நினைவகத்தை விடுவிக்கும். இவ்வாறு அழைக்கப்படுவதே 'கால்பேக்'.

ஷெட்யூலரையே மூட நேரின் யாது செய்வது? பொறியிடம் சென்றும் முடிவுறாத பணிகள் எஞ்சி நிற்கும். அவற்றை அப்படியே கைவிடின் நினைவகம் வீணாகும். பொறி கையாளும்போதே விடுவிப்பின் கணினியே நிலைகுலையும்.

வண்ணார்பேட்டைத் துறையில் ஒருவர் பல வீட்டுத் துணிகளை வெளுக்கின்றார் என்க. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியதுபோல் வெள்ளம் வருகின்றது. அவர் முதலில் புதுமூட்டை ஏற்பதை நிறுத்துவார், நீரிலுள்ளவற்றைக் கரையேற்றுவார், 'வேலை முடியவில்லை' என உரியவர்க்கு அறிவிப்பார், அதன் பின்னரே குறிபார்த்து ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிக் கொடுப்பார். இவ்வரிசை பிறழின் துணியும் போம், நம்பிக்கையும் போம்.

லினக்ஸில் 2025-ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற 'கேன்சல் ஜாப்' என்னும் கால்பேக் இந்நெறியையே பின்பற்றுகின்றது. மூடுங்கால் ஷெட்யூலர், பணியை விடுவிக்கும் கால்பேக் ஒழிந்த ஏனைய கால்பேக்குகளை நிறுத்திவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு பணிக்கும் இதனை அழைக்கும். டிரைவர் அப்பணியின் ஃபென்ஸைப் 'கைவிடப்பட்டது' என்னும் பிழைக்குறியுடன் எழுப்பவேண்டும். ஆயின் பணியை அங்கேயே விடுவித்தல் ஆகாது. விடுவித்தல் அதற்கெனவுள்ள வேறொரு கால்பேக்கின் கடமை. இரண்டும் விடுவிப்பின் ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்பட்டுக் கேடு விளையும்.

இதனை ஷெட்யூலர் தானே செய்யலாகாதோ எனின், ஆகாது. எப்பொறியை எவ்வாறு நிறுத்துவது என்பதை அதற்குரிய டிரைவரே அறியும். எப்பொழுது நிறுத்துவது என்பதை ஷெட்யூலர் அறியும். அறிந்தது அறிந்ததனிடம் பொறுப்பை ஒப்புவிக்கும் ஏற்பாடே கால்பேக்.

முடியாத பணியையும் முறையாக முடித்துவைத்தல் கணினிக்கேயன்றி நமக்கும் வேண்டற்பாலதன்றோ?