பர்மிட் வாங்கிய பால்கோவா

ராஜபாளையத்து வெயிலுக்குப் பயந்தவர்கள் குற்றாலத்துக்கு ஓடுவார்கள். ஏப்ரலில் அங்கே பாறைதான் குளிக்கும், அதுவும் வெயிலில்! ஆகவே 2018 ஏப்ரல் கடைசியில் நாங்கள் லட்சத்தீவுக்குக் கிளம்பினோம்.

நினைத்தவுடன் கிளம்ப முடியாது, சார். நம் நாடுதான், ஆனாலும் பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்குப் போலீஸ் சர்டிபிகேட் வேண்டும். ஏட்டையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மேலே கேஸ் எதுவும் இல்லையே, அப்புறம் எதுக்குத் தீவுக்குப் போறீங்க?"

சகதர்மிணிக்குப் பிறந்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர். அதனால் இரண்டு கிலோ பால்கோவாவும் எங்களோடு கொச்சியில் கப்பலேறியது.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? நடுக்கடலில் ஐந்தொகை போட்டது. தீவுகள் 36, ஆள் வசிப்பவை 10. மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். ஜனங்கள், 2011 கணக்குப்படி, 64,473. குடிதண்ணீர் பத்தியில்தான் கணக்கு உதைத்தது. ஆறில்லை. மணலுக்கடியில் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதக்கிற நல்ல தண்ணீர்தான் கிணறு. கூடுதலாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். 2005ல் நம் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கவரத்தியில் ஒரு வித்தை செய்தார்கள். கடலின் மேல்தண்ணீரை வெற்றிடத்தில் விட்டு ஆவியாக்கினார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து சில்லென்ற தண்ணீரை இழுத்து, அந்த ஆவியைக் குளிர வைத்தார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிதண்ணீர்! 2011ல் மினிக்காய்க்கும் இந்த யந்திரம் வந்தது.

மினிக்காய் தெற்குக் கோடி. மலையாளம் இல்லை, மஹல் பாஷை. 11 கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரார் வைத்த ஒரு மூப்பன்; பெண்களுக்குத் தனியாக மூப்பத்தி. கிராம வீட்டில் ஒரு பெரியவர் கிடைத்தார். கப்பல் வேலையில் தூத்துக்குடித் தமிழ் கற்றவர்.

"ஊருக்குள்ள தகராறு வந்தா?"

"கூடிப் பேசுவோம்."

"பேசியும் தீரலேன்னா?"

"மறுபடி கூடுவோம்."

எங்கள் தெருக் குழாயடியில் கூடினால்தான் தகராறே ஆரம்பம்!

உடனே சுயராஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். லட்சத்தீவுக்குச் சட்டசபை கிடையாது; டில்லி நியமிக்கும் நிர்வாகிதான். மாவட்டப் பஞ்சாயத்திடம் இருந்த கல்வி, சுகாதாரம், விவசாயம், மீன்வளம், கால்நடை ஆகிய துறைகளையும் 2021 மே மாதம் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. பேப்பரில் அதைப் படித்தபோது பெரியவர் ஞாபகம் வந்தது. எனக்கு அரசியல் தெரியாது. ஆனால் ஒரு குடம் கூடுதலாக இறைத்தால் கிணறு கெடும் என்று தெரிந்து வாழ்கிறவரிடம் கேட்காமல் ஊர்க் காரியம் எதை முடிவு செய்ய முடியும்?

கிளம்பும்போது அவருக்குப் பால்கோவா கொடுத்தோம். ருசித்துவிட்டு, "எத்தனை நாள் தாங்கும்?" என்றார்.

"நாலைந்து நாள்."

சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் நீட்டினார். மாசி! சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காய வைத்தது. "இது மாசக்கணக்கில் தாங்கும்."

தாங்கியது, வாசனையும் தாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்டியைத் திறந்ததும், சுத்த சைவமான மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளே, இந்தப் பெட்டி உள்ளே வர்றதுக்குப் பர்மிட் வாங்கினீங்களா?"